அப்பாவின் பெயரும் தம்பியின் பெயரும்



ஆண்டு விழாவில் குழந்தைகள் நாடகம் போட்டு முடித்ததும், நாற்காலிகளை மடித்து வைத்துக்கொண்டே நாம் என்ன பேசிக்கொள்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். இந்தப் பையன் இன்னார் மகன்தானே, அப்பா கல்லூரி நாளில் பிரமாதமாக நடிப்பாராமே, இவனுக்கு அந்த அளவுக்கு வரவில்லையே என்போம். பையன் நாலடி தூரத்தில் நின்று ஒட்டுமீசையை உரித்துக்கொண்டிருப்பான். அவன் காதில் விழுமே என்று நமக்குத் தோன்றுவதில்லை. நானும் இப்படிச் சொன்னவன்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பையன் நின்ற இடத்தில் வாழ்நாள் முழுக்க நின்ற ஒருவரைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதுகிறேன். அவர் பெயர் எட்வின் பூத். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் தலைசிறந்த நாடக நடிகர். பெயரைக் கேட்டதும் தெருமுனைப் பால் பூத் ஞாபகத்துக்கு வந்தால் தவறில்லை, எனக்கும் முதலில் அதுதான் வந்தது. ஆனால் அந்தக் குடும்பப் பெயரை உலகம் இன்று நினைவில் வைத்திருப்பது வேறொருவரால். 1865இல் அதிபர் ஆப்ரகாம் லிங்கனைச் சுட்டுக்கொன்ற ஜான் வில்க்ஸ் பூத், எட்வினின் உடன்பிறந்த தம்பி.

தம்பி கதைக்குப் பிறகு வருவோம். முதலில் அப்பாவைப் பார்த்துவிடுங்கள்.

அப்பா ஜூனியஸ் புரூட்டஸ் பூத், லண்டனில் பிறந்தவர். இருபது வயதைத் தாண்டியதுமே அங்கே எட்மண்ட் கீன் என்ற மாபெரும் நடிகருக்குப் போட்டியாகப் பேசப்பட்டவர். 1821இல் மனைவியையும் மகனையும் லண்டனிலேயே விட்டுவிட்டு, மேரி ஆன் என்ற பெண்ணுடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். மேரிலாந்து மாநிலத்தில் பெல் ஏர் என்ற ஊருக்குப் பக்கத்தில் காட்டோரமாக ஒரு பண்ணையில் குடியேறினார்கள். மொத்தம் பத்துப் பிள்ளைகள். அங்கே 1833 நவம்பர் 13 அன்று எட்வின் பிறந்தார். அன்றிரவு அமெரிக்க வானத்தில் எரிநட்சத்திரங்கள் மழையாகக் கொட்டின. வானியல் புத்தகங்களில் இன்றும் குறிப்பிடப்படும் இரவு அது. குழந்தைக்கு அதிர்ஷ்டம் என்று வீட்டு வேலைக்காரர்கள் சொன்னார்களாம்.

நம்மில் பலருக்குப் பிடித்துப்போகும் ஒரு விஷயம்: ஜூனியஸ் சைவ உணவுக்காரர். தன் பண்ணையில் எந்தப் பிராணியையும் கொல்லக்கூடாது என்று கட்டளை போட்டிருந்தார். ஆனால் அதே மனிதருக்குக் குடி அளவு மீறியது. மனம் அடிக்கடி தடம் புரண்டது. கொட்டகை நிரம்பி ஜனங்கள் காத்திருக்கும்போது ஆள் இருக்க மாட்டார். எங்கேயாவது சாராயக் கடையிலோ தெருவிலோ தேடிப் பிடிக்க வேண்டும். ஆனால் மேடை ஏறிவிட்டால் மூன்றாம் ரிச்சர்டாக அவர் வாள் வீசும்போது எதிரில் நிற்கும் நடிகர்களே உயிர் பயத்தில் பின்வாங்குவார்கள் என்று பெயர்.

இப்படிப்பட்டவரை ஊர் ஊராக யார் கூட்டிப் போய்க் கூட்டி வருவது? பதினாலு வயதுகூட முழுதாக நிரம்பாத எட்வின் பள்ளியை விட்டு அப்பாவுடன் போனார். உடை எடுத்துக் கொடுப்பது, ஒப்பனைப் பெட்டியைச் சுமப்பது எல்லாம் பெயருக்கு. உண்மையான வேலை காவல். நாடகம் முடிந்த பிறகு தூக்கம் வராமல் அப்பா இரவெல்லாம் தெருத்தெருவாக நடப்பார். பையன் சில அடி பின்னால் நடப்பான். அறையிலேயே இருக்கச் சொல்லிக் கெஞ்சுவான், பாஞ்சோ வாசித்துக் காட்டித் தூங்க வைக்கப் பார்ப்பான். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய வயதில் இது. சிரிக்காத, அதிகம் பேசாத, எப்போதும் யாரையோ கவனித்துக்கொண்டே இருக்கிற முகம் அவருக்கு அந்த நாளில்தான் வந்தது என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மகன் நடிகனாவதில் அப்பாவுக்கு விருப்பமே இல்லை. ஏதாவது கைத்தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்பதுதான் அவர் எண்ணம். அரங்கேற்றமும் ஒரு தற்செயல்தான். 1849 செப்டம்பர் 10, பாஸ்டன் நகரம். மூன்றாம் ரிச்சர்டு நாடகத்தில் டிரெசல் என்ற சின்னத் தூதுவன் வேடம். அதைச் செய்ய வேண்டியவருக்கு வேலைப் பளு. அவர் அந்த வேடத்தை எட்வின் தலையில் கட்டிவிட்டார். அப்பா ஒப்பனை அறையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, டிரெசல் யார், எங்கிருந்து வருகிறான், என்ன சேதி கொண்டுவருகிறான் என்று வாய்மொழித் தேர்வு மாதிரிக் கேட்டார். குதிரையில் வரும் தூதுவன் காலில் குதிமுள் எங்கே என்றார். இல்லை என்றதும் தன் காலில் இருந்ததைக் கழற்றிக்கொள்ளச் சொன்னார். காட்சி முடிந்து மகன் திரும்பி வந்தபோதும் அதே நாற்காலி, அதே நிலை. நன்றாகச் செய்தாயா என்று ஒரு கேள்வி. செய்தேன் என்று நினைக்கிறேன் என்றதும், குதிமுள்ளைத் திருப்பிக் கொடு என்றார். அவ்வளவுதான் பாராட்டு! பின்னாளில் எட்வின் இதைச் சிரித்தபடி சொல்வாராம்.

இரண்டு வருடம் கழித்து நியூயார்க்கில் ஒரு மாலை. வண்டி வாசலில் நிற்கிறது. ரிச்சர்டாக நடிக்க வேண்டிய அப்பா படுக்கையை விட்டு எழவில்லை, உடம்பு சரியில்லை, நீயே போய் நடி என்றுவிட்டார். பதினேழு வயது எட்வின், அப்பாவின் தொளதொள உடையை மாட்டிக்கொண்டு மேடையில் வந்து நின்றார். கூட்டம் முதலில் முணுமுணுத்தது, கடைசியில் கைதட்டியது. அப்பாவுக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லையா, அல்லது மகனைக் கிணற்றில் தள்ளி நீச்சல் பழக்கினாரா? எட்வினுக்குக் கடைசிவரை அந்தச் சந்தேகம் தீரவில்லை.

1852இல் தங்க வேட்டை நடந்துகொண்டிருந்த கலிபோர்னியாவுக்கு இருவரும் போனார்கள். மூத்த அண்ணன் ஜூனியஸ் அங்கே நாடகத் தொழிலில் இருந்தார். சேக்ரமெண்டோ நகரில் ஒருநாள் கறுப்பு உடையில் இருந்த எட்வினைப் பார்த்து, நீ ஹாம்லெட் மாதிரி இருக்கிறாய், அதை ஏன் நடிக்கக்கூடாது என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து வந்த அபூர்வமான நல்ல வார்த்தை அது. இன்னொரு சந்தர்ப்பம் கிடைத்தால் நடிக்கிறேன் என்றார் மகன். அதன் பிறகு அப்பா தனியாக ஊர் திரும்பினார். அத்தனை வருடத்தில் முதல் முறையாகக் காவலுக்கு ஆள் இல்லாத பயணம். வழியில் பணம் திருடுபோனது. மிசிசிப்பி நதியில் நீராவிப் படகில் போகும்போது காய்ச்சல் கண்டு, மருத்துவர்கூட இல்லாமல் 1852 நவம்பர் 30 அன்று இறந்துபோனார். சேதி எட்வினை எட்டியபோது அவர் மலையோரச் சுரங்க ஊர் ஒன்றில், பனியில் மாட்டிக்கொண்டு, கையில் காசில்லாமல் இருந்தார். பனியில் பல மைல் நடந்து வெளியே வந்தார். தான் கூடப் போயிருந்தால் அப்பா பிழைத்திருப்பாரோ என்ற எண்ணம் அவரை விட்டுப் போகவே இல்லை.

அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை மறுவருடம் சான்பிரான்சிஸ்கோவில் நிறைவேற்றினார். ஹாம்லெட் வேடம் போட்டார். இறந்த தந்தையின் ஆவி மகன் முன் தோன்றுகிற நாடகம் அது என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த முப்பத்தெட்டு வருடங்கள் அவர் அந்த வேடத்தை விடவில்லை.

நான்கு வருடம் மேற்கே உழன்றார். சுரங்க ஊர்களில் கிடைத்த வேடமெல்லாம் போட்டார். 1854இல் லாரா கீன் என்ற நடிகையுடன் ஆஸ்திரேலியாவரை போய் நஷ்டப்பட்டுத் திரும்பினார். லாரா கீன் என்ற பெயரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

கிழக்கே திரும்பி வந்தபோது பெயர்ப் பிரச்சினை தொடங்கியது. 1857இல் நியூயார்க்கில் அவரை விளம்பரப்படுத்தியவர், மாபெரும் நடிகரின் மகன் என்று கொட்டை எழுத்தில் போட்டார். எட்வினுக்கு வருத்தம். வெறும் எட்வின் பூத் என்று போட்டால் போதும் என்று அவர் சொல்ல, ஒரு மேனேஜர் அப்படியே வெறும் எட்வின் பூத் என்று அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டிவிட்டதாக ஒரு கதை உண்டு. நம் சங்கத்து நோட்டீஸ்களை நினைத்தால் எனக்கு நம்பத்தான் தோன்றுகிறது.

பெயரை மாற்றிக்கொள்ளவில்லை, நடிப்பை மாற்றினார். அப்பா இடி மாதிரிப் பேசுவார். எட்வின் குள்ளமான, மெலிந்த ஆள், அந்த இடியை முழக்க அவரால் முடியாது. அந்தக் கால அமெரிக்கக் கூட்டம் முழக்கத்துக்குப் பழகியது. பழைய பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் கடைசி வரிசைவரை கேட்கும்படி வசனம் பேசுவார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், அதே மாதிரிதான். எட்வின் குரலைத் தாழ்த்தினார். வசனத்தைத் தனக்குள் யோசித்துக்கொண்டே பேசுகிறவர் போலப் பேசினார். பேசாத இடத்தில் கண்ணால் நடித்தார். அப்பாவின் பின்னால் இரவெல்லாம் நடந்து, ஒரு மனம் உடைவதைப் பக்கத்திலிருந்து பார்த்த பையன் அவர். ஹாம்லெட்டுக்கு அதைவிட வேறென்ன பயிற்சி வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்பாவிடமிருந்து வந்த இன்னொரு சொத்து குடி. 1860இல் மேரி டெவ்லின் என்ற நடிகையை மணந்தார். மேரி தன் தொழிலை விட்டுவிட்டு இவருக்கு நல்ல விமர்சகராகவும் இருந்தார். எட்வினா என்ற பெண் குழந்தை பிறந்தது. 1863 பிப்ரவரியில் பாஸ்டன் அருகே மேரி நோயில் கிடந்தார், எட்வின் நியூயார்க்கில் நடித்துக்கொண்டிருந்தார். தந்திக்கு மேல் தந்தி வந்தது. குடிபோதையில் அவர் பிரிக்கவில்லை. விஷயம் தெரிந்து ரயிலேறிப் போனபோது மனைவி இறந்துவிட்டிருந்தார். அதன் பிறகு குடியிலிருந்து விலகினார். கையில் ஒரு வயதுக் குழந்தை.

இனி தம்பி.

அமெரிக்காவில் அப்போது அடிமை முறையை மையமாகக் கொண்டு வடக்கும் தெற்கும் போரிட்டுக்கொண்டிருந்தன. எட்வின் வடக்கின் பக்கம், 1864 தேர்தலில் லிங்கனுக்கு வாக்களித்தவர். அழகும் துடிப்பும் கொண்ட இளைய நடிகரான தம்பி ஜான், தெற்கின் வெறிகொண்ட ஆதரவாளர். அம்மாவின் முகத்துக்காக வீட்டில் அரசியல் பேசக்கூடாது என்று எட்வின் தடை போடும் அளவுக்குச் சண்டை.

1864 நவம்பர் 25 அன்று நியூயார்க்கின் விண்டர் கார்டன் அரங்கில் மூன்று சகோதரர்களும் முதலும் கடைசியுமாகச் சேர்ந்து நடித்தார்கள். ஜூலியஸ் சீசர் நாடகம். எட்வின் புரூட்டஸ், அண்ணன் ஜூனியஸ் காசியஸ், ஜான் மார்க் ஆண்டனி. சென்ட்ரல் பூங்காவில் ஷேக்ஸ்பியருக்குச் சிலை வைக்க நிதி திரட்டும் நிகழ்ச்சி, சிலை இன்றும் அங்கே இருக்கிறது. அம்மா வந்து பார்த்தார். அன்றிரவே தெற்கின் ஆட்கள் நியூயார்க் விடுதிகளுக்குத் தீ வைத்தார்கள். அரங்கை ஒட்டிய விடுதியிலும் தீ. கூட்டம் எழுந்து ஓடப் பார்த்தபோது எட்வின் மேடை முன்னால் வந்து பேசி உட்கார வைத்தார்.

மறுநாள் ஹாம்லெட் தொடங்கியது. 1865 மார்ச் 22வரை தொடர்ந்து நூறு இரவுகள்! அதற்கு முன் யாரும் அந்த நாடகத்தை அத்தனை நாள் தொடர்ந்து நடத்தியதில்லை. இனி இன்னார் மகன் என்று சொல்ல அவசியமே இல்லை, எட்வின் பூத் என்றால் எட்வின் பூத்தான்.

அந்த நிம்மதி நீடித்தது இருபத்து மூன்று நாள்.

ஏப்ரல் 14 இரவு வாஷிங்டனில் ஃபோர்டு அரங்கில் லிங்கனை ஜான் சுட்டார். அன்று அங்கே மேடையில் நடித்துக்கொண்டிருந்தவர், நினைவில் வைக்கச் சொன்னேனே, அதே லாரா கீன். எட்வின் பாஸ்டனில் இருந்தார். காலையில்தான் தெரிந்தது. அவர் நடித்துக்கொண்டிருந்த அரங்கை மூடினார்கள், அவர் பெட்டிகளைச் சோதனை போட்டார்கள். அண்ணன் ஜூனியஸையும் தங்கையின் கணவரையும் சிறையில் அடைத்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து ஜான் ஒரு களஞ்சியத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். இனி மேடை ஏறுவதில்லை என்று எட்வின் முடிவெடுத்துவிட்டார். பகலில் வெளியே வராமல் நியூயார்க் வீட்டில் அடைந்து கிடந்தார்.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும், கட்டுக்கதை போலிருக்கும். போர் நடந்த நாட்களில் ஜெர்சி நகர ரயில் நிலையத்தில் ஓர் இளைஞன் நெரிசலில் தவறி, நகர ஆரம்பித்த ரயிலுக்கும் நடைமேடைக்கும் நடுவில் விழுந்தான். கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்து மேலே போட்டவர் எட்வின். அந்த இளைஞன் லிங்கனின் மகன் ராபர்ட். தன்னைக் காப்பாற்றியவர் யாரென்று அவன் அப்போதே அடையாளம் கண்டுகொண்டான், எட்வினுக்குப் பிறகுதான் தெரிந்தது. தம்பி செய்த காரியத்துக்குப் பிறகு இந்த ஒரு நினைவு அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்ததாம்.

வீட்டில் வயதான அம்மா, சின்ன மகள், கழுத்துவரை கடன். வேறு தொழிலும் தெரியாது. 1866 ஜனவரி 3 அன்று மீண்டும் விண்டர் கார்டனில் ஹாம்லெட் அறிவிப்பு வந்தது. கொலைகாரனின் அண்ணன் மேடையேறுவதா என்று ஒரு பத்திரிகை கொதித்தது. வாசலில் போலீஸ். திரை விலகியது. கறுப்பு உடையில் எட்வின் ஒரு நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அரங்கம் மொத்தமும் எழுந்து நின்று ஆரவாரித்தது. அது அடங்கும்வரை அவரால் பேச முடியவில்லை. அப்பாவின் பெயரிலிருந்து விடுபடப் பதினைந்து வருடம் பிடித்தது, தம்பியின் பெயரை ஓர் இரவில் கூட்டம் மன்னித்தது. ஆனால் அவர் தன்னை மன்னித்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு வாஷிங்டன் மேடையில் அவர் நடிக்கவே இல்லை. எத்தனை பேர் அழைத்தும் போகவில்லை.

1869இல் நியூயார்க் இருபத்து மூன்றாம் தெருவில் தன் பெயரிலேயே அரங்கம் கட்டினார். பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவு. காட்சித் தட்டிகளைத் தண்ணீர் விசையால் மேலே ஏற்றி இறக்கும் ஏற்பாடெல்லாம் வைத்தார். கணக்கு வழக்கில் அவர் சுழி. ஐந்தே வருடத்தில் திவால். அதன் பிறகு ஊர் ஊராக நடித்துக் கடனை அடைத்தார். அரங்கம் திறந்த அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. எட்வின் எழுதிக் கேட்டதன் பேரில் அரசு ஜானின் உடலைக் குடும்பத்திடம் ஒப்படைத்தது. பால்டிமோரில் குடும்பக் கல்லறையில், பெயர் பொறிக்காமல் புதைத்தார்கள்.

சில வருடம் கழித்து ஒருநாள், விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து, அரங்கத்தின் அடித்தள உலைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பெட்டியைத் திறந்தாராம் எட்வின். ஜானின் நாடக உடைகள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஒவ்வொன்றாக நெருப்பில் போட்டு, கடைசியில் பெட்டியையும் உடைத்துப் போட்டார். உடனிருந்த உதவியாளர் பின்னாளில் சொன்னது இது.

1879இல் சிகாகோவில் அவர் நடித்துக்கொண்டிருந்தபோது மேல்மாடத்திலிருந்து ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். மனநிலை சரியில்லாதவன். குறி தவறியது. எட்வின் எழுந்து முன்னால் வந்து, சுட்டவனைக் கைகாட்டினார். அந்தக் குண்டைத் தங்கத்தில் கட்டிக் கடிகாரச் சங்கிலியில் மாட்டிக்கொண்டார். மனிதருக்கு நகைச்சுவை உணர்வே இல்லை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். லண்டனில் ஹென்றி இர்விங்குடன் ஒத்தெல்லோ, இயாகோ வேடங்களை மாறி மாறி நடித்தது, ஜெர்மனி பயணம், இரண்டாம் மனைவியின் மனநோய், மரணம் என்று அடுத்த வருடங்கள் போயின.

1888இல் நியூயார்க் கிராமெர்சி பூங்காவுக்கு எதிரே ஒரு வீடு வாங்கி, நடிகர்களும் மற்ற துறையினரும் கூடும் சங்கமாக்கி எழுதிக் கொடுத்துவிட்டார். நடிகன் என்றால் நாடோடி என்று பார்க்கப்பட்ட காலம் அது. மாடியில் ஓர் அறையை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டார். அந்த அறையில் ஜானின் படமும் இருந்தது. வீட்டில் அந்தப் பெயரை அவர் எடுப்பதில்லை, படத்தை எடுக்கவும் இல்லை.

1891 ஏப்ரலில் புரூக்ளினில் கடைசியாக ஹாம்லெட். 1893 ஜூன் 7 அன்று அதே மாடி அறையில் இறந்தார். ஜூன் 9 அன்று நியூயார்க்கில் இறுதிச் சடங்கு. அன்றே வாஷிங்டனில், அலுவலகமாக மாற்றப்பட்டிருந்த ஃபோர்டு அரங்கக் கட்டடத்தின் தளங்கள் சரிந்து இருபத்திரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். மறுநாள் பத்திரிகைகளில் இரண்டு செய்திகளும் வந்தன. அன்றுகூட அவரைத் தனியாக விடவில்லை பாருங்கள்.

கிராமெர்சி பூங்காவில் ஹாம்லெட் வேடத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. பூங்கா பூட்டியே இருக்கும், சுற்றியுள்ள வீட்டுக்காரர்களிடம் மட்டுமே சாவி. நம் சங்கக் கூட்டத்தில் இதை யாரும் முன்னுதாரணமாகக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் கம்பி வேலிக்கு வெளியிலிருந்து பார்க்கலாம்.

போக முடியாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 1890இல் மகள் எட்வினாவுக்காக மெழுகு உருளையில் ஒத்தெல்லோ நாடகத்தின் ஒரு பேச்சைப் பதிவு செய்து வைத்தார். இணையத்தில் தேடினால் கிடைக்கும். கரகரவென்று இரைச்சல்தான் முதலில் கேட்கும், காதுக்கருவி போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை கேட்கும்போது இரைச்சலுக்குப் பின்னால் ஒரு குரல் தெரியும். முழக்கம் இல்லாத, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது போன்ற குரல்.